நீமோவைக் குழந்தைக்குக் காட்டலாமா?

ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி மீன். உடம்பில் வெள்ளைப் பட்டைகள், ஒரு பக்கத் துடுப்பு மட்டும் கொஞ்சம் சின்னது. இந்த மீன் படம் போட்ட ஸ்கூல் பை, தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா எல்லாம் பார்க்காதவர்கள் குறைவு. அதனாலேயே 'ஃபைண்டிங் நீமோ' என்று சொன்னால் அப்பா அம்மாக்களுக்கு எந்தச் சந்தேகமும் வருவதில்லை. மீன் படம் தானே, கார்ட்டூன் தானே, போட்டுவிட்டுப் போய் சமையலைப் பார்க்கலாம் என்று டிவி முன்னால் பொடிசை உட்கார வைத்துவிடுகிறார்கள்.

குக்கர் முதல் விசில் அடிப்பதற்குள் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்கும்.

என்ன நடந்தது? படத்தின் தொடக்கம் இப்படி. மார்லின் என்ற அப்பா மீனும் கோரல் என்ற அம்மா மீனும் புது வீட்டுக்குக் குடி வந்திருக்கிறார்கள். வீடு என்பது கடல் சாமந்தி. அதன் அடியில் நானூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு பெரிய சீலா மீன் வந்து அசையாமல் நிற்கிறது. சுற்றியிருந்த மற்ற மீன்கள் எல்லாம் எப்போதோ காணாமல் போய்விட்டன. அம்மா முட்டைகளைக் காப்பாற்றப் பாய்கிறாள். அப்பா அடிபட்டு மயங்கிப் போகிறார். அவர் கண் விழிக்கும்போது இருட்டு. மனைவி இல்லை, முட்டைகளும் இல்லை. கீறல் விழுந்த ஒரே ஒரு முட்டை மட்டும் மிச்சம். அந்த முட்டைதான் நீமோ. இவ்வளவும் முடிந்த பிறகுதான் படத்தின் பெயரே திரையில் வருகிறது!

இதில் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. சீலா மீன் கடிப்பதைக்கூடக் காட்டவில்லை. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழ் 'ஜி'. எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று அர்த்தம். சட்டப்படி, கணக்குப்படி எல்லாம் சரி. ஆனாலும் நாலு வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை நடந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா இருந்தாள், இப்போது இல்லை.

2014-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அந்த இதழில் எப்போதுமே கொஞ்சம் குறும்பான தலைப்புகளில்தான் எழுதுவார்கள், ஆனால் கணக்கு நிஜக் கணக்கு. 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' தொடங்கி 2013-இன் 'ஃப்ரோசன்' வரை, வசூலில் முன்னணியில் இருந்த 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டுகளில் வந்த பெரியவர்கள் படங்கள் 90-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முக்கியமான பாத்திரம் யாராவது திரையில் சாவது எதில் அதிகம்? குழந்தைகள் படத்தில்தான். மூன்றில் இரண்டு பங்கு அனிமேஷன் படங்களில் அப்படி ஒரு சாவு இருந்தது. பெரியவர்கள் படங்களில் பாதியில்தான். அதிலும் கதாநாயகனின் அப்பாவோ அம்மாவோ சாகும் வாய்ப்பு குழந்தைகள் படங்களில் ஐந்து மடங்குக்கும் மேல். நீமோவின் அம்மா நான்கு நிமிடம் 3 நொடியில் போய்விடுகிறாள் என்று நொடிக் கணக்கோடு குறித்திருந்தார்கள். சிரிக்க வைப்பதற்காக எழுதினார்களோ என்னவோ, பெற்றோருக்குச் சிரிப்பு வராது.

சரி, போஸ்டரில் அந்த எழுத்து எதற்குப் போடுகிறார்கள்?

சான்றிதழ் கொடுப்பவர்கள் எண்ணுவது எண்ணக்கூடிய விஷயங்களை. எத்தனை அடிதடி, எத்தனை கெட்ட வார்த்தை, எவ்வளவு ரத்தம், ஆபாசம் உண்டா, போதைப் பொருள் உண்டா. இதெல்லாம் தேவைதான். ஆனால் துக்கத்தை எப்படி எண்ணுவது? பிக்ஸார் நிறுவனத்தின் படங்களில் முதன்முதலாக 'பிஜி' வாங்கியது 2004-இல் வந்த 'தி இன்க்ரெடிபிள்ஸ்'. காரணம் சண்டைக் காட்சிகள். பல சின்னக் குழந்தைகள் அந்தப் படத்தைக் கைதட்டிக்கொண்டே பார்த்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த நீமோவுக்கு 'ஜி'. சான்றிதழைப் பார்த்தால் நீமோதான் மென்மையான படம். சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சான்றிதழ்களுக்கும் வயதாகும், மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 1984-இல்தான் 'பிஜி-13' என்ற பிரிவு வந்தது. அந்த ஆண்டு வந்த 'கிரெம்லின்ஸ்', 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் பாகம் ஆகியவற்றைக் குழந்தைகளோடு போய்ப் பார்த்து அதிர்ந்த பெற்றோர்களின் கோபம் அதற்கு ஒரு காரணம். பிரிட்டனின் கதை இன்னும் சுவையானது. 'வாட்டர்ஷிப் டவுன்' என்று 1978-இல் ஒரு அனிமேஷன் படம். கதாபாத்திரங்கள் எல்லாம் முயல்கள். 'யு' சான்றிதழ். முயல் படம் என்று நம்பிக் குழந்தைகளைக் கூட்டிப் போனவர்கள், முயல்கள் ஒன்றையொன்று குதறிக்கொள்வதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். 2016-இல் ஈஸ்டர் ஞாயிறு அன்று ஒரு தொலைக்காட்சி அதே படத்தை ஒளிபரப்ப, மறுபடி ஒரு தலைமுறைப் பெற்றோர் கொதித்தார்கள். (ஈஸ்டருக்கு முயல் பொருத்தம்தானே என்று அந்தத் தொலைக்காட்சியில் யாரோ நினைத்திருப்பார்கள் போல!) கடைசியில் 2022-இல்தான் அதற்கு 'பிஜி' என்று மாற்றினார்கள். அதே படம், அதே முயல்கள். எழுத்து மாற 44 வருடம் ஆயிற்று.

நம் ஊரில் ரொம்ப காலம் யு, ஏ இரண்டும்தான் பொதுவில் பழக்கம். 1983-இல் யு/ஏ வந்தது. 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். மூன்று வயதும் பதினொன்றரை வயதும் ஒரே தட்டில்! 2023-இல் சட்டத்தைத் திருத்தி யு/ஏ-வை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த வயது எண்ணிக்கை பெற்றோருக்கான குறிப்புதான். வாசலில் யாரும் பிறந்த நாள் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. முடிவு பழையபடி வீட்டில்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் முடிவெடுக்க வேண்டுமென்றால், "இந்தப் படம் குழந்தைகளுக்கு ஏற்றதா?" என்ற கேள்வியே தப்பு. குழந்தைகள் என்று பொதுவாக யாரும் கிடையாது. நாலு வயது அம்மு இருக்கிறாள், ஏழு வயது அண்ணன் இருக்கிறான். அவளுக்கு ஆகுமா, அவனுக்கு ஆகுமா என்றுதான் கேட்க வேண்டும்.

எந்த வயதில் எது பயமுறுத்தும் என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர் ஜோன் கேன்டர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. 1998-இல் பெற்றோருக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. பள்ளி போகாத வயதுக் குழந்தைகளுக்குத் தோற்றம்தான் பயம். பல், நகம், வீங்கிய முகம், திடீரென்று உருவம் மாறுவது. 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துச் சின்னக் குழந்தைகள் அலறியதற்கு அதுவே காரணம். ஹல்க் நல்லவன், காப்பாற்ற வருகிறான் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை; மனிதன் பச்சையாக மாறினான், அவ்வளவுதான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பல்லைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். நிஜத்தில் நடக்கக்கூடியது எதுவோ அதற்குப் பயப்படுவார்கள். இன்னொன்றும் அவர் சொன்னார். "இது நிஜமில்லைடா கண்ணா, பொம்மைப் படம்டா" என்ற சமாதானம் சின்ன வயதில் பலிக்காது. மடியில் வைத்து அணைத்துக்கொண்டால் பலிக்கும்.

இதை வைத்துக்கொண்டு நீமோவைத் திரும்பப் பார்த்தால் படமே வேறு மாதிரி தெரிகிறது.

நாலு வயதுக்குப் பயம் எங்கே? சுறாவிடம். மூழ்கிப்போன ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மூன்று சுறாக்கள் கூட்டம் போடுகின்றன. இனி மீன் சாப்பிடுவதில்லை என்று சபதம் எடுத்த சுறாக்கள். பெரியவர்களுக்கு அது குடியை விட்டவர்களின் கூட்டத்தைக் கிண்டல் செய்யும் காட்சி, விழுந்து விழுந்து சிரிக்கலாம். அப்போது டோரியின் மூக்கில் லேசாக ரத்தம் வருகிறது. வாசனை பட்டதும் புரூஸ் என்ற பெரிய சுறாவின் கண் கறுத்துவிடுகிறது. இத்தனை நேரம் சிரித்த முகம் மாறிப் போய்த் துரத்த ஆரம்பிக்கிறது. நல்ல முகம் கெட்ட முகமாக மாறுவது... ஹல்க் விவகாரம் அப்படியே இங்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் கும்மிருட்டான ஆழ்கடல். ஒரு சின்ன வெளிச்சம் அழகாக ஆடிக்கொண்டு வரும். பின்னாலேயே ஊசி ஊசியாகப் பல். ஆழ்கடலில் நிஜமாகவே இப்படி நெற்றியில் விளக்கைத் தொங்கவிட்டு இரை பிடிக்கும் மீன்கள் உண்டு, உயிரியல் பாடத்தில் படித்தவர்களுக்கு உற்சாகமாக இருக்கும். நாலு வயதுக்கு அந்த உற்சாகம் வேண்டாம்.

ஏழெட்டு வயதுக்குச் சுறா ஜோக். அந்த வயதுக்குக் குத்துவது வேறு இடங்கள். பள்ளிக்கூடத்தின் முதல் நாள். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அப்பா வந்து திட்டுகிறார். கோபத்தில் நீமோ அப்பாவைப் பார்த்து உன்னைப் பிடிக்கவே இல்லை என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்கிறான். அடுத்த நிமிடம் அவனை ஒரு முக்குளிப்பான் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். அப்பாவிடம் கோபமாகப் பேசினேன், அதனால் காணாமல் போய்விட்டேன்! இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த வயது ஏழு. அன்று காலையில்தான் அப்பாவிடம் கத்திவிட்டு வந்த பையனாக இருந்தால், அவன் எதுவும் சொல்லாமல் படத்தைப் பார்த்து முடிப்பான். இரவு தூங்க மாட்டான்.

வயதை விடவும் முக்கியமான ஒன்று உண்டு. இந்தக் குழந்தையின் வாழ்க்கையில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது. போன வருடம் அம்மாவை இழந்த குழந்தைக்கு இந்தப் படத்தின் முதல் நான்கு நிமிடம் எப்படி இருக்கும்? அடுத்த வாரம் எல்கேஜி சேரப் போகிற குழந்தைக்கு, பள்ளிக்குப் போன முதல் நாளே காணாமல் போகும் மீனின் கதை தேவையா? பல் டாக்டரிடம் போகப் பயந்து அழும் குழந்தைக்கு, சிட்னி நகரத்துப் பல் டாக்டர் அறையில் மீன் தொட்டிக்குள் நடக்கும் காட்சிகள் போதாதா? எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒரு கையோ காலோ சற்று வித்தியாசமாகப் பிறந்த குழந்தைக்கு இந்தப் படத்தைப் போல ஒரு நண்பன் கிடைப்பது கஷ்டம். நீமோவின் சின்னத் துடுப்பை அப்பா அதிர்ஷ்டத் துடுப்பு என்கிறார். தொட்டிக்குள் இருக்கும் கில் என்ற மீனுக்கும் ஒரு பக்கத் துடுப்பு சேதம். அது நீமோவுக்கு உதவ யாரையும் விடுவதில்லை. நீயே வெளியே வா என்கிறது. அவனும் வருகிறான். அந்தக் குழந்தைக்குச் சீலா மீனுக்காக இந்தப் படத்தை மறுத்தால் அது நஷ்டம்தான்.

இந்த விஷயத்தையெல்லாம் எந்தச் சான்றிதழ் வாரியத்தாலும் போஸ்டரில் அச்சடிக்க முடியாது.

தமிழ் வீடுகளுக்கென்றே இன்னொரு சங்கதி இருக்கிறது. படம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. குழந்தைக்கு ஆங்கிலம் அரைகுறை. அப்போது என்ன ஆகிறது? டோரியின் நகைச்சுவை முழுக்கப் பேச்சில் இருக்கிறது. இப்போது சொன்னதை இப்போதே மறப்பது, பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவது. சுறாக்கள் நல்லவர்களாக மாற முயற்சிக்கிறார்கள் என்பதும் பேச்சில்தான் தெரிகிறது. பேச்சு புரியாத குழந்தைக்கு இந்த ஆறுதல் எல்லாம் வடிகட்டப்பட்டுப் போய், பல்லும் இருட்டும் இசையும் மட்டும் மிஞ்சுகின்றன. அதே படத்தை அமெரிக்கக் குழந்தை பார்க்கும்போது கிடைக்கும் பயமும் சிரிப்பும் வேறு விகிதம். புரியாத மொழியில் பார்க்கும் குழந்தைக்கு எந்த சாகசப் படமும் ஒரு படி அதிகமாகவே பயமுறுத்தும். அங்கே ஐந்து வயது என்று யாராவது எழுதியிருந்தால் இங்கே ஒன்றிரண்டு கூட்டிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். தமிழில் குரல் கொடுத்த வடிவம் கிடைத்தால் அதைப் போடலாம். உச்சரிப்பு கெட்டுவிடும், ஆங்கிலம் வளராது என்றெல்லாம் அப்போது கவலைப்பட வேண்டாம்.

"அந்தக் காலத்தில் பாட்டி ராட்சசன் கதை சொன்னாளே, நாங்கள் எல்லாம் கெட்டா போய்விட்டோம்?" என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும். வீட்டில் ஒரு மாமாவாவது இதைக் கேட்பார் :) நியாயமான கேள்விதான். பாட்டி கதையில் தலை உருண்டிருக்கிறது, பிள்ளையைச் சமைத்துச் சாப்பிட்ட அரக்கி வந்திருக்கிறாள். ஆனால் பாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னாள். உதடு பிதுங்கினால் அரக்கி திடீரென்று நல்லவளாகிவிடுவாள், இல்லை கதையில் ஒரு யானை வந்து சேரும். இருட்டில் அவள் புடவையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அரக்கியின் பல் எத்தனை நீளம் என்பதைக் குழந்தையே தன் தைரியத்துக்குத் தகுந்தபடி அளந்துகொண்டது. திரை யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. சீலா மீன் எல்லோருக்கும் ஒரே அளவில்தான் வரும். தியேட்டராக இருந்தால் சுவர் முழுக்க வரும், நாலு பக்கமும் சத்தத்தோடு வரும். பாட்டி செய்த வேலையைச் செய்ய அங்கே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சமையலறையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

இப்படியெல்லாம் சொன்னவுடன் படமே காட்ட வேண்டாம் என்று முடிவு செய்துவிடும் ஒரு ரகப் பெற்றோரும் உண்டு. அவர்களுக்குத்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டது என்று தோன்றும். மார்லின் வேறு யார்? ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்ததால், மிச்சமிருக்கும் ஒரே பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறேன் என்று அவனை மூச்சு முட்ட வைக்கும் அப்பா. வீட்டை விட்டு வெளியே போவதற்கு முன்னால் தலையை நீட்டுவதும் இழுப்பதுமாகப் பலமுறை சரிபார்க்கிறவர். படத்தின் நடுவே 150 வயது ஆமை ஒன்று வரும், பெயர் கிரஷ். அதன் குட்டி கடல் நீரோட்டத்திலிருந்து தவறி வெளியே விழுந்துவிடும். மார்லின் பதறுகிறார். ஆமை பதறவில்லை, பொறு, பார்ப்போம் என்கிறது. குட்டி தானே சுழன்று திரும்பி உள்ளே வந்து, தான் செய்த சாகசத்தை அப்பாவிடம் சொல்லிக் குதிக்கிறது. மார்லின் கேட்கிறார், பிள்ளை எப்போது தயார் என்று எப்படித் தெரியும்? ஆமையின் பதில், உறுதியாகத் தெரியாது, ஆனால் பிள்ளைக்குத் தெரிந்தால் உனக்கும் தெரிந்துவிடும் என்கிற மாதிரி இருக்கும். படத்தைக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோர் கேட்பதும் இதே கேள்விதான். அதனால் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டனின் இந்தப் படத்தை முதலில் தனியாகப் பெற்றோர் பார்ப்பதற்கு, குழந்தையின் பயத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. மொத்தம் 100 நிமிடம். குழந்தை தூங்கிய பிறகு ஒரு இரவு போதும்.

முதல் காட்சியை மட்டும் ஓட்டிவிட்டுக் காட்டினால் என்ன? நிறைய வீடுகளில் செய்வது இதுதான். நீமோ பள்ளிக்குக் கிளம்பும் காலையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று, நான்கு வயதுக்கு இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த நான்கு நிமிடத்தை எடுத்துவிட்டால் மார்லின் காரணமே இல்லாமல் நச்சரிக்கும் அப்பாவாகிவிடுகிறார். ஏன் இவர் இப்படிப் பயப்படுகிறார் என்று தெரியாமலேயே குழந்தை அவர் மேல் எரிச்சல் படும். ஆறு வயதுக்கு மேல் என்றால் வெட்டாமல் காட்டி, முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல். "ஆரம்பத்தில் ஒரு சோகமான இடம் வரும். அம்மா மீன் செத்துப் போய்விடும். அப்புறம் அப்பா மீன் பையனைத் தேடிப் போகும், கண்டுபிடித்துவிடும்." இவ்வளவு சொன்னால் போதும். கதையைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடாதா என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். ஒரே கதையை ஐம்பது தடவை கேட்கும் ஜாதிக்கு முடிவு தெரிவதால் எந்த நஷ்டமும் இல்லை. முடிவு தெரிந்த குழந்தை சுறாவைப் பார்க்கும் தைரியமே தனி.

முடிவு தெரிந்தாலும் கடைசி அரை மணி நேரத்தில் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். ஒன்று, தப்பிப்பதற்காக நீமோ செத்த மாதிரி நடிப்பதும் அதைப் பார்த்து அப்பா நம்பிவிடுவதும். நடிப்பு என்று குழந்தைக்குப் புரிந்திருக்கும், ஆனால் அப்பா திரும்பிப் போகிறாரே என்பதுதான் தாங்காது. இரண்டாவது, மீன்பிடி வலை அறுந்த பிறகு நீமோ கடலடியில் அசையாமல் கிடக்கும் சில நொடிகள். அந்த இடத்தில் மடி தயாராக இருக்கட்டும்.

அண்ணன் தங்கை விவகாரம் தனி. படத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்பது வயது அண்ணன், உட்கார்ந்து பார்ப்பது மூன்று வயதுத் தங்கையும் சேர்த்து. லீவு நாட்களில் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாம் கூடினால் கேட்கவே வேண்டாம், பெரியவன் சொல்வதே சட்டம். சின்னது எழுந்து போகவும் வெட்கப்படும். "பயந்தாங்கொள்ளி" என்று யாராவது ஒருவன் சொல்லியிருப்பான். இந்த மாதிரி சமயத்தில் சின்னதுக்கு அடுக்களையில் ஏதாவது ஒரு வேலை கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்ளும் பாட்டிகள் புத்திசாலிகள்.

சாவு இருக்கும் படம் எல்லாமே ஒரே கனம் என்று நினைத்துவிடவும் கூடாது. 2009-இல் வந்த 'அப்' படத்தின் தொடக்கத்தில் ஒரு தம்பதி கல்யாணம் செய்து, பிள்ளை இல்லாமல், முதுமை அடைந்து, மனைவி இறந்து போகிறாள். தியேட்டரில் அழுதது முழுக்க அப்பா அம்மாக்கள். குழந்தைகள் பலூன் எப்போது பறக்கும் என்று காத்திருந்தார்கள். கிழவரின் தனிமை அவர்களுடைய பயம் கிடையாது. அம்மா காணாமல் போவது அவர்களுடைய பயம். ஜப்பானில் 1988 ஏப்ரலில் ஜிப்லி ஸ்டூடியோ இரண்டு படங்களை ஒரே டிக்கெட்டில் வெளியிட்டது. ஒன்று மியாசாகியின் 'மை நெய்பர் டோடோரோ'. வில்லனே கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்ற கவலை மட்டும் மெலிதாகப் பின்னால் ஓடும். மூன்று வயதுக்குக்கூட அநேகமாகச் சரிப்படும். இன்னொன்று தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. போரில் அநாதையான அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகும் கதை. இரண்டுமே அனிமேஷன், இரண்டிலும் சின்னப் பெண் குழந்தை கதாநாயகி. கார்ட்டூன் தானே என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

படம் முடிந்த பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. நீமோ பல் டாக்டர் அறையின் வாஷ்பேசின் ஓட்டை வழியாகக் கடலுக்குத் தப்பிக்கிறான். வடிகால் எல்லாம் கடலுக்குத்தான் போகிறது என்று படத்தில் ஒரு மீன் நம்பிக்கையோடு சொல்லும். 2003-இல் படம் வெளியானபோது, அமெரிக்காவில் கழிவுநீர்க் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம், வீட்டு மீன்களைக் கழிப்பறையில் விட்டுவிடாதீர்கள், அவை கடலுக்குப் போய்ச் சேராது என்று அறிக்கை விட்டது. தொட்டி மீன் வளர்க்கும் வீட்டில் இதைக் குழந்தையிடம் அன்றைக்கே பேசிவிடுவது மீனுக்கு நல்லது. கோமாளி மீன் வாங்கித் தா என்ற அடமும் வரும். பெட்டிக்குள் அடைத்த மீன்கள் வெளியே போகத் தவிப்பதைத்தானே நூறு நிமிடம் பார்த்தோம் என்று திருப்பிக் கேட்கலாம். பெரும்பாலும் பலன் இருக்காது.

(கல்லூரி நண்பர்களுக்காக ஒரு உபரித் தகவல். நிஜக் கோமாளி மீன்களில் பெண் மீன் இறந்துவிட்டால் அதன் இணையான ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். அறிவியல்படி எடுத்திருந்தால் மார்லின்தான் நீமோவுக்கு அம்மாவாகியிருக்க வேண்டும். பிக்ஸார்காரர்கள் இதைச் சொல்லாமல் விட்டது குழந்தைகளின் அதிர்ஷ்டம், பெற்றோரின் பெரிய அதிர்ஷ்டம்.)

முக்கியமான கேள்வி அன்றைக்கே வராது. இரண்டு நாள் கழித்து, குளிக்க வைக்கும்போதோ, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதோ வரும். "அந்த அம்மா மீன் அப்புறம் எப்பம்மா வந்துச்சு?" படத்தில் கோரல் திரும்பி வருவதில்லை. வேறு ஊருக்குப் போயிருக்கிறது, தூங்குகிறது என்று ஏதாவது சொல்லி வைத்தால், அடுத்து அப்பா ஊருக்குப் போகும்போதும் அம்மா தூங்கும்போதும் குழந்தை அதை நினைவில் வைத்திருக்கும். வரவில்லை, செத்துப்போச்சு, அப்பா மீன்தான் அப்புறம் பார்த்துக்கிச்சு என்று சொல்லலாம். உடனே அடுத்த கேள்வி வரும், "நீ செத்துப் போவியா?" சோப்பு நுரையோடு நிற்கும் குழந்தை கேட்கும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வோம் என்று பெற்றோர் ஒரு தடவை தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இருந்தால் நீமோவைப் போடலாம். இன்னும் இல்லை என்றால் டோடோரோவைப் போட்டுவிட்டு, நீமோவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.